அப்ரைசல் காலம்: கொழும்புக் கந்தோர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரி பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அப்ரைசல், அதாவது ஊழியர்களின் வருடாந்த வேலை மதிப்பீடு பற்றித்தான். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கொம்பனியின் கணக்குப் பிரிவில் தொடங்கி, பிறகு மனிதவளப் பக்கம் தள்ளப்பட்டவன் நான். இப்போது கொள்ளுப்பிட்டியில் மின்சாதனங்கள் இறக்குமதி செய்யும் ஓரிடத்தில் சுமார் நூற்றிருபது பேரின் கோப்புகளைப் பார்க்கிறேன். படிவம் நிரப்புகிறவர்களும் கேட்கிறார்கள், படிவத்தில் பெயர் இருப்பவர்களும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்குமான பதில்கள் கீழே கலந்து கிடக்கின்றன.

அப்ரைசல் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

தனியார் துறைக்கு அப்படி எதுவும் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரம், லீவு, சம்பளம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்கிறது. ஊழியருக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது என்பதில் அது தலையிடுவதில்லை.

ஆனால் படிவம் இல்லாத இடத்திலும் மதிப்பீடு நடந்துகொண்டுதான் இருக்கும். யாருக்குச் சம்பள ஏற்றம், யாரை நிரந்தரமாக்குவது, யாரைக் கண்டிக் கிளைக்கு அனுப்புவது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்கிறார்கள். முதலாளியோடு ஒரே வாகனத்தில் வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த முடிவுகள் கொஞ்சம் சாதகமாகவே அமையும். அதைக் குறைக்கத்தான் இந்தப் பாடு.

எல்லாரும் மார்ச்சில்தான் செய்கிறார்கள். அதில் என்ன பிழை?

நமது நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் போனஸ் கைக்கு வரவேண்டும். கணக்கு மூடும் வேலையும் அதே கிழமைகளில்தான். ஆக, வருடத்தில் ஆறுதலாக உட்கார்ந்து யோசிக்கவே முடியாத நேரத்தில், பன்னிரண்டு மாத உழைப்பைப் பற்றி எழுதச் சொல்கிறோம். எழுதுகிறவருக்கு நினைவில் நிற்பது பெப்ரவரியும் மார்ச்சும் மட்டுமே.

என் பிழையையே சொல்கிறேன். ஒரு மார்ச் மாதம் இரவு எட்டு மணிக்கு மேல் பதினொரு படிவங்களை ஒரே மூச்சில் நிரப்பினேன். சுங்க ஆவணங்களைப் பார்க்கும் பெண் ஊழியர் ஒருவருக்கு ‘கவனம் போதாது’ என்று எழுதிவிட்டேன். பெப்ரவரியில் ஒரு கடிதம் தவறிப்போய், கொள்கலன் துறைமுகத்தில் நான்கு நாள் கிடந்து, டெமறேஜ் (தாமதக் கட்டணம்) கட்ட நேர்ந்தது. அது மட்டும்தான் என் தலையில் இருந்தது. மறுநாள் அவர் ஒரு கோப்போடு வந்தார். அந்த வருடம் அவர் கையால் போன கொள்கலன்கள் அறுபதுக்கு மேல். தாமதமானது அந்த ஒன்றுதான். அதிலும் அந்தக் கடிதம் வங்கியிலிருந்தே பிந்தி வந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. கோப்பை மேசையில் வைத்துவிட்டு, “சேர், ஒருக்கால் பாருங்கோ” என்று மட்டும் சொன்னார்.

நான் படிவத்தைக் கிழித்து மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து மாதக் குறிப்பு இல்லாமல் எந்த அப்ரைசலும் எழுதுவதில்லை.

அந்த மாதக் குறிப்பில் என்ன எழுதவேண்டும்?

தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி போதும். ஆளுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி. ஆறு பேர் உள்ள பிரிவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்காது. சொப்ட்வெயார் வாங்கினால்தான் நடக்கும் என்று சொல்பவர்கள், வாங்கிய பிறகும் எழுதுவதில்லை என்பது என் அனுபவம்.

கண்ணால் கண்டதையோ கையால் எண்ணக்கூடியதையோ எழுதுங்கள். ‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுதினால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. ‘ஜூன் 3, 10, 17 திகதிகளில் நாளாந்த வசூல் அறிக்கை காலை பதினொரு மணிக்குப் பிறகு வந்தது, ஒன்பதரைக்கு வரவேண்டியது’ என்று எழுதினால் அது நடந்த விஷயம். முதலாவதைக் கேட்பவர் சண்டைக்கு வருவார், அல்லது வாயை மூடிக்கொள்வார். இரண்டாவதைக் கேட்பவர் காரணம் சொல்வார். சில வேளை அந்தக் காரணம் உங்களையே சுடும். எங்களிடத்தில் அப்படித்தான் ஆனது: அறிக்கைக்கு வேண்டிய வங்கிக் கூற்றை எடுக்கும் கடவுச்சொல் பத்து மணிக்கு வரும் முகாமையாளரிடம் மட்டும் இருந்தது.

நல்லதையும் எழுதுங்கள். பிழை தானாகவே நினைவில் நிற்கும், நல்ல வேலை நிற்காது. ஒரு மாதம் முழுக்கப் பிழையே நடக்காமல் போனால் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். சத்தமில்லாமல் ஓடும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம். எல்லாருக்கும் மூன்றுதான் விழுகிறது. ஏன்?

மூன்று போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐந்துக்கும் ஒன்றுக்கும் மேலிடத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். மூன்றுக்கு வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், மதிப்பெண் போடுகிறவரின் கை. 2000ஆம் ஆண்டு ஸ்கல்லன், மவுண்ட், கொஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான முகாமையாளர்களுக்கு மற்றவர்கள் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல், போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது என்று கண்டார்கள். நாலு பேருக்கு மேல் நாலு போடாத ஒருவரும், யாருக்கும் நாலுக்குக் கீழே போடாத ஒருவரும் ஒரே மாடியில் இருக்கும்போது, அவர்களின் எண்களை ஒரே எக்செல் தாளில் வரிசைப்படுத்திப் போனஸ் பிரித்தால் என்ன நியாயம்?

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகள் தம் ஆட்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைத்துவம், குணம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கின. ஒன்றில் நல்லவர் எல்லாவற்றிலும் நல்லவராகிவிடுகிறார். நேரத்துக்கு வந்து, அழகாக உடுத்தி, வணக்கம் சொல்லும் பிள்ளைக்கு ‘கணக்கில் துல்லியம்’ என்ற வரியிலும் ஐந்து விழுவது இப்படித்தான்.

எண்ணை விட மனமில்லை என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த வேலைக்கே உரிய ஒரு வசனம் எழுதி வையுங்கள். உதாரணமாக, கடன் வசூலிக்கும் பகுதிக்கு: ‘மூன்று என்றால், அறுபது நாள் தாண்டிய கடனாளிகளை ஒவ்வொரு கிழமையும் கூப்பிட்டு, பதிலைப் பதிந்து வைக்கிறார். ஐந்து என்றால், அதோடு, அறுபது நாளைத் தொடுவதற்கு முன்பே ஆபத்தான கடனாளியை விற்பனைப் பகுதிக்கு அறிவிக்கிறார்.’ இதை எழுத ஒரு பின்னேரம் போகும். எழுதும்போதே, இத்தனை நாளும் ஆளுக்கு ஒரு ஐந்தை மனதில் வைத்திருந்தோம் என்பது விளங்கும்.

பத்துப் பேரில் ஒருவரைக் கட்டாயம் கடைசி இடத்தில் போடச் சொல்கிறார்கள். சரியா?

இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். ஜக் வெல்ச் தலைமையில் மேலே இருபது, நடுவே எழுபது, கீழே பத்து வீதம் என்று பிரித்தார்கள். மைக்ரோசொப்ட்டும் இதுபோன்ற ஒன்றை வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது.

ஆறு பேர் உள்ள பிரிவில் பத்து வீதம் என்பது யாருடைய கையா, காலா? நல்ல ஆட்களாகத் தேடிப் பிடித்துச் சேர்த்த முகாமையாளருக்கு அதுவே தண்டனையாகிவிடும். சில இடங்களில் முறை வைத்துக் கடைசி இடம் கொடுக்கிறார்கள்: “போன வருஷம் நீ, இந்த வருஷம் அவர்.” கேட்கச் சிரிப்பாக இருக்கும், சம்பளத்தில் கைவைக்கும் வரைக்கும்.

இதற்குப் பதிலாக, படிவங்கள் ஊழியரிடம் போவதற்கு முன் முகாமையாளர்கள் எல்லாரும் ஒரு மேசையில் கூடி, தாங்கள் போட்ட ஐந்தையும் இரண்டையும் மட்டும் குறிப்புகளோடு விளக்கட்டும். ‘உங்கள் ஐந்து எங்கள் பிரிவில் மூன்றுதான்’ என்று யாராவது சொல்லும் இடத்தில்தான் கை இளகியவரும் கை இறுகியவரும் சமப்படுவார்கள்.

எங்கள் படிவம் ஆங்கிலத்தில். எனக்கு வேலை நன்றாகத் தெரியும், ஆங்கிலம் அவ்வளவு வராது. மதிப்பெண் குறைகிறது. என்ன செய்வது?

கொழும்பில் அப்ரைசல் அநியாயம் என்று நான் கண்டவற்றில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆனால் யாரும் அதற்கு இந்தப் பெயர் வைப்பதில்லை. ‘தொடர்பாடல் திறன் குறைவு’, ‘முன்வந்து செயற்படுவதில்லை’, ‘தன்னம்பிக்கை போதாது’ என்றெல்லாம் எழுதுவார்கள்.

எங்கள் களஞ்சியத்தில் ஹட்டனிலிருந்து வந்த ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். சுயமதிப்பீட்டுப் பக்கத்தில் அவர் எழுதியது நான்கு வரி, அதுவும் பாடசாலைக் கட்டுரை ஆங்கிலம். அதே வருடம் விற்பனைப் பிரிவில் ஓர் இளைஞர் இரண்டரைப் பக்கம் எழுதினார். மதிப்பீட்டுக் குழு களஞ்சியக்காரருக்கு மூன்றும் இளைஞருக்கு ஐந்தும் போட்டது. எனக்கு ஏதோ உறுத்தி, களஞ்சியத்துக்குப் போய்த் தமிழில் கேட்டேன். மனிதர் முக்கால் மணித்தியாலம் கதைத்தார். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும்படி தட்டுகளை அவரே மாற்றி அடுக்கியிருந்தார். அதனால் பழசாகிக் கழித்துக்கொடுக்கும் மின்குமிழ்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. படிவத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதை இங்கிலீசில் எப்படிச் சொல்றது எண்டு தெரியேல்ல சேர், விட்டிட்டன்” என்றார்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது; ஆங்கிலம் இணைப்பு மொழி. தனியார் கொம்பனியின் உள்படிவம் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதை அது தீர்ப்பதில்லை. ஆனாலும் சுயமதிப்பீட்டைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத விடுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மொழிபெயர்க்க வேண்டுமானால் அதே பிரிவில் இருப்பவரிடம் கொடுக்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் உங்கள் குறைகளைப் படிப்பது யாருக்கும் பிடிக்காது. எழுதக் கூச்சப்படுகிறவரின் குரலைப் பதிந்து எடுங்கள். உண்மையிலேயே ஆங்கிலம் தேவைப்படும் வேலையென்றால், அதற்கு ஒரு தனி வரி வைத்து அங்கே மட்டும் மதிப்பெண் போடுங்கள். மற்ற வரிகளுக்குள் அது கசியக்கூடாது.

ஊழியர் பக்கத்துக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலம் வரவில்லை என்று நான்கு வரியோடு நிறுத்தாதீர்கள். எண்களையும் திகதிகளையும் எழுதுங்கள். அவை எந்த மொழியிலும் ஒன்றுதான்.

கூட்டத்தில் கதைக்காததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளையிடம், பணிப்பாளர் இருக்கும் கூட்டத்தில் ஏன் கருத்துச் சொல்லவில்லை என்று கேட்கிறோம். கூட்டம் முடிந்ததும் அதே பிள்ளை உங்கள் மேசைக்கு வந்து சொல்லும் யோசனையைக் குறித்து வைத்தீர்களா?

இலக்கை எட்டவில்லை, ஆனால் அது என் பிழை இல்லை. எப்படிக் கணக்கிடுவது?

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் ரெப்மார் (விற்பனைப் பிரதிநிதிகள்) மோட்டார் சைக்கிளோடு எரிபொருள் வரிசையில் நின்றார்கள். விலைப்பட்டியலை ஒரே மாதத்தில் மூன்று தரம் மாற்றினோம். மின்விசிறி விற்றவர் இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. மின்னேற்றி விளக்கு விற்றவருக்கு மூன்றே கிழமையில் கையிருப்பு முடிந்தது. படிவம் முதலாமவருக்கு இரண்டும் மற்றவருக்கு ஐந்தும் சொன்னது. மின்விசிறிக்காரர் தன் பழைய கடனில் ஒரு சதம் விடாமல் அந்த மோசமான மாதங்களிலும் வசூலித்திருந்தார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

இலக்கை வருடத்துக்கு ஒருமுறை வைத்து மறந்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காற்று சாதகமாக அடித்தவரின் இலக்கையும் அதே கண்ணால் பார்க்கவேண்டும். கூடின இலக்கை யாரும் விரும்ப மாட்டார்கள், ஆனால் குறைப்பதை மட்டும் செய்தால் முறை நிற்காது.

பிரசவ லீவில் போனவருக்கு எப்படி அப்ரைசல் எழுதுவது?

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் 84 நாள். வாராந்த விடுமுறை, போயா, சட்ட விடுமுறைகள் அதில் சேராது. ஆக, ஏறத்தாழ நான்கு மாதம். மிச்சம் எட்டு மாதத்துக்கு இலக்கையும் எட்டு மாத அளவுக்குச் சுருக்குங்கள், எட்டு மாத வேலையை மட்டும் பாருங்கள். ‘இந்த வருடம் அவ்வளவாக இருக்கவில்லையே, மூன்று போடுவோம்’ என்பது லீவுக்கான தண்டனை, வேறொன்றும் இல்லை.

சம்பள ஏற்றத்தையும் அதே நாளில் சொல்லலாமா?

வேண்டாம். எண்ணைக் கேட்டதும் காது மூடிவிடும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நடந்த ஓர் ஆய்வு 1965இலேயே இதைச் சொல்லிவிட்டது: வேலையைத் திருத்துவது பற்றிய கதையையும் சம்பளக் கதையையும் ஒரே இருப்பில் வைத்தால் இரண்டும் கெடுகின்றன. இடையில் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். வேலையைப் பற்றிய கதையைப் பெப்ரவரிக்கு முன்னே தள்ளினால் மார்ச் நெருக்கடியும் குறையும்.

இன்னொன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. அந்த வருடம் சில இடங்களில் விலைவாசிக்காகக் கொடுத்த தொகையை ‘திறமைக்கான ஏற்றம்’ என்று கடிதத்தில் எழுதினார்கள். அரிசி விலை ஏறியதற்குக் கொடுத்தால் அப்படியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அவர் தன் திறமை குறைந்துவிட்டதென்று நினைப்பார்.

குறையை எப்படிச் சொல்வது? சொன்னால் கோபிக்கிறார்கள்.

எங்கள் பேச்சு வழக்கில் ‘பேசினார்’ என்றாலே ஏசினார் என்றுதான் பொருள். ‘பொஸ் கூப்பிட்டுப் பேசினவர்’ என்று ஒருவர் சொன்னால், பாவம் என்கிறோம். அந்த நினைப்போடுதான் அவர் உங்கள் அறைக்குள் வருகிறார்.

குளுகர், டெனிசி என்ற இருவர் 1996இல் நூற்றுக்கணக்கான பரிசோதனை முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கருத்துச் சொன்ன பிறகு மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் வேலை முன்பைவிட மோசமானது. கவனம் வேலையை விட்டுத் தன்மீது திரும்பும்போது கெடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ‘தம்பி, நீர் கொஞ்சம் அசட்டை’ என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். ‘தம்பி, ஜூலை பட்டியலில் மூன்று விலை பிழை, எந்த இடத்தில் சறுக்குது எண்டு பார்ப்பமா?’ என்றால் இரண்டு பேருமே பட்டியலைப் பார்ப்பீர்கள்.

புதிய குறை எதுவும் அந்த நாளில் முதன்முதலாக வெளிவரக்கூடாது. ஜூலைப் பிழையை ஜூலையில் சொல்லியிருக்கவேண்டும்.

அநியாயமாக எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?

கையெழுத்து மறுத்தால் பிரச்சினை உங்கள் கையெழுத்தைப் பற்றியதாகிவிடும். ‘வாசித்தேன், 2ஆம், 5ஆம் வரிகளோடு உடன்படவில்லை, விளக்கம் இணைத்துள்ளேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். விளக்கத்தில் திகதியும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். முகாமையாளரின் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், எவ்வளவு உண்மையாக இருந்தாலும். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

மோசமான அப்ரைசலைக் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியுமா?

அவ்வளவு லேசில் முடியாது. வேலையாட்களின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுவாகப் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். வேலை போதாது என்பது ஒழுக்கக் குற்றமாகாது. அப்படி நிறுத்தப்பட்டவர் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும்.

அங்கே போனால் உங்கள் படிவங்கள் சாட்சியாகும். நான்கு வருடம் ‘நன்று’ என்று எழுதிவிட்டு ஐந்தாம் வருடம் ‘ஒன்றுக்கும் உதவாதவர்’ என்று எழுதிய கொம்பனி என்ன சொல்லித் தப்பும்? பெரிய சிக்கல் என்றால் சட்டத்தரணியிடம் கேளுங்கள், இந்தப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கூட வேலை செய்பவர்களிடமும் கருத்துக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் ஏழு பேர் உள்ள பிரிவில் ‘பெயர் தெரியாது’ என்று உறுதி கொடுக்காதீர்கள். எழுத்து நடையிலேயே ஆள் பிடிபட்டுவிடும்.

குறிப்புக் கொப்பியை ஊழியருக்குக் காட்டலாமா?

காட்டுங்கள். காட்ட முடியாத வரி இருந்தால் அது எழுதக்கூடாத வரி. முதலில் சொன்ன அந்தச் சுங்க ஆவணப் பிரிவு ஊழியர் இப்போது தானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். போன தடவை இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் ஒகஸ்ட் மாதம் வெறுமையாகக் கிடந்தது. அவருடையதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.